உங்களுக்கு இல்லாததா

ஒரு காட்டில் மரியாதை கண்டபடி வளர்ந்துவிட்டது. முள்ளுச்செடி என்றால் வெட்டிப் போடலாம். மரியாதையை யார் வெட்டுவது? அப்படியே விட்டுவிட்டார்கள்.

அந்தக் காட்டில் தண்ணீர் குடிக்க ஒரே ஒரு குட்டை. வரிசையில்தான் போக வேண்டும். வரிசை இருக்கும், ஆனால் நகராது. முன்னால் நிற்கிற யானை திரும்பி, பின்னால் நிற்கிற மானிடம், "நீங்க முதல்ல குடிங்க" என்று சொல்லும். "சேச்சே, நீங்க பெரியவங்க, நீங்க குடிங்க" என்று மான் சொல்லும். யானையும் விடாது, மானும் விடாது. விடிந்ததும் ஆரம்பித்தால் உச்சி வெயில் வரைக்கும் நாக்கு வறண்டு போய் நின்றுகொண்டு உபசாரம் பண்ணுவார்கள். அந்தக் காட்டில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்தவை குட்டைக்குள்ளேயே இருந்த தவளைகள் மட்டும்தான்.

சாப்பாட்டு விஷயம் இதைவிட மோசம். யாராவது "சாப்பிடறீங்களா?" என்று கேட்டால், "வேண்டாங்க, இப்பதான் சாப்பிட்டேன்" என்று சொல்லியாக வேண்டும். பட்டினி கிடந்து கண் இருட்டினாலும் அதைத்தான் சொல்ல வேண்டும். கேட்டவர் மறுபடி கேட்பார். மறுபடி மறுக்க வேண்டும். மூன்றாவது தடவையும் கேட்டால், "நீங்க இவ்வளவு சொல்றதால" என்று இழுத்துக்கொண்டே உட்காரலாம். இரண்டாவது தடவை கேட்கவில்லையா, அவர் வீட்டில் ஒன்றும் இல்லை என்று புரிந்துகொண்டு நடையைக் கட்ட வேண்டும். இதையெல்லாம் யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. தாய்ப்பாலோடு ஏறிவிடும்.

புலிக்கும் ஏறியிருந்தது. அதுதான் பாவம்.

அந்தப் புலியின் பெயர் துரைசிங்கம். பெயரில் வேறொரு மிருகம் இருப்பதில் அதற்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, ஆனால் பெற்றவர்கள் வைத்த பெயரைக் குறை சொல்வது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டது. பின்னாலிருந்து பாய்ந்து ஒருத்தரைக் கடிப்பது அநாகரிகம் என்று சொல்லி வளர்க்கப்பட்ட புலி. அதனால் யாரைப் பார்த்தாலும், "ஞாயித்துக்கிழமை நம்ம குகைக்கு விருந்துக்கு வாங்களேன்" என்று கூப்பிடும். அவர்களும், "கட்டாயம் வரேங்க ஐயா" என்று சொல்லுவார்கள். காட்டுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதிலும் சனிக்கிழமைதோறும் அழைப்பு போடும். எல்லாரும் கைகூப்புகிற படத்தைப் பதிலாகப் போடுவார்கள். கையே இல்லாத பாம்பும் போடும்.

ஞாயிற்றுக்கிழமை புலி குகை வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, வழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஒருத்தரும் வர மாட்டார்கள். பொழுது சாய்ந்ததும் ஆற்றோரம் போய், பதில் பேசத் தெரியாத நத்தையையும் நண்டையும் தின்றுவிட்டு வந்து படுக்கும். இப்படியே ஒல்லியாகி ஒல்லியாகி அதன் உடம்பில் இருந்த வரிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. தூரத்திலிருந்து பார்த்தால் கருஞ்சிறுத்தை போலிருக்கும்.

அந்தக் காட்டில் எல்லாரும் உயிரோடு இருந்ததற்குக் காரணம் அந்தக் "கட்டாயம் வரேங்க" என்ற பொய்தான். இது எல்லாருக்கும் தெரியும். புலிக்கு மட்டும் தெரியாது. அடுத்த வாரம் வருவார்கள் என்று நிஜமாகவே நம்பிக்கொண்டிருந்தது.

இந்த நிலைமையில்தான் டவுனிலிருந்து ஒரு கழுதை வந்து சேர்ந்தது. பெயர் வடமலை. செங்கல் சூளையில் வேலை பார்த்த கழுதை. முதலாளி மினி லாரி வாங்கியதும் அதை அவிழ்த்துவிட்டுவிட்டார். சூளையில் போ என்றால் போக வேண்டும், நில் என்றால் நிற்க வேண்டும். சொன்னதற்கு வேறு அர்த்தம் தேடிக்கொண்டு நின்றால் முதுகில் பிரம்பு விழும். அப்படி வளர்ந்த கழுதைக்கு ஒரு சொல்லைக் கேட்டால் அந்தச் சொல்தான் தெரியும். அதற்குப் பின்னால் ஆள் ஒளிந்திருப்பது தெரியாது.

காட்டுக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்தது கரடி சொக்கலிங்கத்தை. கரடி தன் வீட்டு வாசலில் முதுகு சொறிந்துகொண்டிருந்தது.

"வாங்க தம்பி. ஊருக்குப் புதுசு போலிருக்கு. சாப்பிடறீங்களா?"

"சாப்பிடறேன் அண்ணே" என்றது கழுதை.

கரடியின் கை முதுகிலேயே நின்றுவிட்டது. உள்ளே இருந்து அதன் பெண்சாதி தெய்வானை எட்டிப் பார்த்தது. அந்தக் காட்டில் இந்தக் கேள்விக்கு இப்படி ஒரு பதில் வந்ததே இல்லை.

"என்ன சொன்னீங்க தம்பி?"

"சாப்பிடறேன்னு சொன்னேன். நல்ல பசி."

வேறு வழியில்லாமல் கரடி தேன் பானையை எடுத்து வந்தது. "மழைக்காலத்துக்குன்னு எடுத்து வெச்சிருந்தோம்" என்று ஒரு வார்த்தை போட்டுப் பார்த்தது.

"மழைக்கு இன்னும் நாளிருக்கே" என்றது கழுதை.

"கொஞ்சம்தான் இருக்கு. உங்களுக்குப் பத்துமோ என்னமோ."

"பார்க்கலாம் அண்ணே. பத்தலைன்னா சொல்றேன்."

பானை பாதிக்கு வந்தபோது கரடி கடைசி அஸ்திரத்தைப் போட்டது. "எடுத்துக்குங்க தம்பி, எல்லாத்தையும் எடுத்துக்குங்க. உங்களுக்கு இல்லாததா" என்றது.

கழுதைக்குக் கண் கலங்கிவிட்டது. சூளையில் யாரும் அதனிடம் இப்படி அன்பாகப் பேசியதில்லை. எல்லாத்தையும் எடுத்துக்கொண்டது. பானையின் அடியை நக்கும்போது அதன் காது மட்டும் வெளியே தெரிந்தது.

உள்ளே தெய்வானை பாத்திரத்தை உருட்டுகிற சத்தம் கேட்டது. கரடி காலிப் பானையைக் கவிழ்த்து வைத்தது. பிறந்ததிலிருந்து யாருக்கும் விளக்க வேண்டியிராத ஒன்றை அன்றைக்கு விளக்கியது.

"தம்பி, கோவிச்சுக்கக் கூடாது. இங்க உங்களுக்கு இல்லாததான்னு சொன்னா, இத்தோட நிறுத்திக்கணும்."

"நிறுத்துன்னே சொல்லியிருக்கலாமே அண்ணே."

"அது மரியாதை இல்லையே. அதுவுமில்லாம, யார் எதைக் குடுத்தாலும் வேண்டாம்னு சொல்லணும். இந்தக் காட்டுல பொறந்த யாரை வேணும்னாலும் தூக்கத்துல எழுப்பி, இந்தாங்கன்னு நீட்டிப் பாருங்க. வேண்டாங்க, இப்பதான் சாப்பிட்டேன்னுதான் வாயில வரும்."

"பசிச்சாக்கூடவா?"

"பசிச்சாத்தான் இன்னும் சத்தமா வரும்" என்றது கரடி.

கழுதைக்கு ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் கேட்டு வைத்துக்கொண்டது.

மறுநாள் குட்டை வரிசையில் யானை, "நீங்க முதல்ல குடிங்க" என்றதும், "சரிங்க" என்று கழுதை போய்க் குடித்துவிட்டது. வரிசையே வாயைப் பிளந்து பார்த்தது. அந்த நேரம் புலியும் அங்கே வந்து சேர்ந்தது. புது ஆளைப் பார்த்ததும் வழக்கம்போல, "ஞாயித்துக்கிழமை நம்ம குகைக்கு விருந்துக்கு வாங்களேன்" என்றது.

"சரிங்க ஐயா. எத்தனை மணிக்கு?"

வரிசையில் ஒரு முயலுக்கு விக்கல் எடுத்தது. புலி மெல்ல, "நிஜமாவே வருவீங்களா?" என்று கேட்டது.

"கூப்பிட்டீங்களே ஐயா. வராம இருப்பேனா?"

கரடியும் அந்த வரிசையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. தேன் போன வருத்தம் இருந்தாலும், தன் வீட்டில் கை நனைத்த ஆள் செத்துப்போவதை அதனால் தாங்க முடியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் கழுதையைத் தேடிப் போனது.

"நாளைக்கு வெயில் ஜாஸ்தியா இருக்கும்போல" என்று ஆரம்பித்தது.

"பரவாயில்லை அண்ணே."

"குகைக்குப் போற வழி பூரா கல்லு."

"செங்கல் சுமந்தவனுக்குக் கல்லு என்ன செய்யும்?"

"அங்க இதுவரைக்கும் யாருமே போனதில்லை தம்பி. யோசிச்சுப் பாருங்க, யாருமே போனதில்லை."

"அடடா. அப்ப நாம போய்த்தான் ஆகணும். அவர் மனசு எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்."

கரடி வீட்டுக்கு வந்து அழுதது. "புலி உன்னைத் தின்னுடும்னு நேரா சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே" என்று தெய்வானை திட்டியது. "ஒருத்தர் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கார். அவரைப் பத்தி அப்படி எப்படிச் சொல்றது?" என்று கரடி மறுபடி அழுதது.

ஞாயிற்றுக்கிழமை கழுதை குளித்து, காது மடலைத் துடைத்துக்கொண்டு குகைக்குப் போனது. வாசல் பளிச்சென்று இருந்தது. புலி எழுந்து வந்து வரவேற்று உள்ளே உட்கார வைத்தது. தான் வாசலை மறித்து உட்கார்ந்துகொண்டது. தரையில் ஒரே ஒரு வாழை இலை போட்டிருந்தது, அதுவும் புலிக்கு முன்னால்.

"எனக்கு இலை போடலையே ஐயா" என்றது கழுதை.

"உங்களுக்குத் தேவைப்படாதுங்க" என்றது புலி.

"என்ன சமையல்?"

புலி தலை குனிந்துகொண்டு நகத்தால் தரையைக் கீறியது. அதற்கு வெட்கமாக இருந்தது. "அது வந்து, எப்படிச் சொல்றதுன்னு தெரியலை" என்றது. "நீங்கதான்."

வெயிலும் கல்லும் என்று கரடி எதற்கு வந்து புலம்பியது என்பது கழுதைக்கு அப்போதுதான் உறைத்தது. ஓடலாம் என்றால் வாசலில் புலி. கத்தலாம் என்றால் யார் வருவார்கள்? வந்தாலும் வாசலில் நின்று, நீங்க முதல்ல போங்க என்று ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொண்டிருப்பார்கள். சாகவும் அதற்கு மனசில்லை. சூளையை விட்டு வந்து இப்போதுதான் நிழலில் படுக்கவே ஆரம்பித்திருந்தது. அந்தப் பயத்தில், கரடி சொன்ன ஒரே ஒரு விஷயம் ஞாபகத்துக்கு வந்தது.

"அதுக்கென்னங்க ஐயா" என்றது கழுதை. "தாராளமா என்னைச் சாப்பிடுங்க. உங்களுக்கு இல்லாததா."

"ஐயய்யோ, வேண்டாங்க" என்றது புலி. "இப்பதான் சாப்பிட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று புலிக்கே தெரிந்தது. ஆனால் பயப்படவில்லை. இன்னொரு தடவை கேட்பார், அதற்கப்புறம் இன்னொரு தடவை கேட்பார், பிறகு உட்காரலாம் என்று இலையைச் சரிபண்ணிக்கொண்டு காத்திருந்தது.

"அப்படிங்களா. சரிங்க ஐயா" என்றது கழுதை. "அப்ப நான் கிளம்பறேன்."

விருந்தாளி கிளம்பும்போது வழியை மறிப்பது மரியாதையா? புலி எழுந்து வழிவிட்டது. இன்னொரு தடவை கேளுங்களேன் என்று சொல்ல அதற்கு நாக்கு வரை வந்தது, வெளியே வரவில்லை. கழுதை கண்ணுக்கு மறைந்ததும் வாழை இலையை மடித்துத் தின்றுவிட்டுப் படுத்தது.

புலிக் குகைக்குப் போய் முழுசாகத் திரும்பி வந்த கழுதையைக் காடே தூக்கி வைத்துக் கொண்டாடியது. அங்கே பரமகுரு என்று ஒரு நரி உண்டு. எதைப் பார்த்தாலும் அதை ஒரு முகாமாக மாற்றிவிடுகிற நரி. "வாயால பேசி உயிர் பிழைச்சிருக்கீங்க. இதைச் சும்மா விடலாமா?" என்று சொல்லி, ஆலமரத்தடியில் 'நேர்ப்பேச்சுப் பயிற்சி முகாம்' என்று பலகை மாட்டிவிட்டது. கழுதைதான் ஆசிரியர். வந்தவர்களுக்கெல்லாம் கழுத்தில் பெயர் அட்டை. பாம்புக்கு அதை எங்கே மாட்டுவது என்பதிலேயே முதல் வகுப்பு போய்விட்டது.

சும்மா சொல்லக்கூடாது, முகாமினால் பலன் இருந்தது. "நான்தான் முன்னால வந்தேன்" என்று யானை நேராகப் போய்க் குடித்தது. "தள்ளு, எனக்குத் தாகம்" என்று மான் சொன்னது. வரிசை சரசரவென்று நகர்ந்தது. தவளைகளுக்குத்தான் கொஞ்சம் கஷ்டம். கரடி மட்டும் தேறவில்லை. "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டால், "ஒண்ணும் வேண்டாங்க, உங்களைப் பார்த்ததே போதும்" என்று வகுப்புக்கு வகுப்பு சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் புலியும் முகாமுக்கு வந்தது. கடைசி வரிசையில், வாலை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. வகுப்பு முடிந்ததும் கழுதையிடம் போய், "எனக்கு வேணும்ங்கற வார்த்தையே வர மாட்டேங்குதுங்க" என்றது. "வேண்டாம்தான் வருது. இப்படியே போனா நான் செத்துப்போயிடுவேன்."

கழுதைக்கு மனசு இளகிவிட்டது. மினி லாரி வந்த அன்றைக்குத் தனக்கும் அப்படித்தான் வாய் அடைத்துப் போனது அதற்கு ஞாபகம் வந்தது. "நான் சொல்லித் தரேன் ஐயா" என்றது.

கரடி மறுபடி ஓடி வந்தது. "கோடையில புதுசா யாரையும் வகுப்புல சேர்க்கக் கூடாதுன்னு எங்க மாமா சொல்லுவார்" என்றது.

"ஏன் அண்ணே?"

"வெயில்" என்றது கரடி.

கழுதை புலிக்குத் தனியாகவே வகுப்பு எடுத்தது. ஒரு நண்டை நீட்டி, "வேணுமா?" என்று கேட்கும். "வேண்... இல்லை, வே... இப்பதான்..." என்று புலி திக்கும். வேர்த்துக் கொட்டும். கழுதை அலுத்துக்கொள்ளவில்லை. "மெதுவா ஐயா, வயித்திலிருந்து சொல்லுங்க" என்று தட்டிக்கொடுக்கும். ரொம்ப நாள் கழித்து ஒரு காலையில் புலி கண்ணை மூடிக்கொண்டு, "வேணும்" என்றது. காடே அதிர்ந்தது. கழுதை புலியைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டது. வாழ்க்கையில் அது ஒரு காரியத்தைச் செய்து முடித்துப் பெருமைப்பட்டது அதுதான் முதல் தடவை.

இதற்கிடையில் கழுதைக்கே ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதை யாரும் கவனிக்கவில்லை, தெய்வானையைத் தவிர. நரி டீ நீட்டினால், "வேண்டாங்க, இப்பதான் குடிச்சேன்" என்று கழுதை சொல்ல ஆரம்பித்திருந்தது. யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால், "கட்டாயம் வரேங்க" என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தது. "கழுதை நம்ம ஆளாயிட்டுது" என்றது தெய்வானை. அதற்கு அதில் சந்தோஷம்தான், இனி தேன் பானைக்கு ஆபத்தில்லை.

கடைசி நாள் பரீட்சை. ஒவ்வொருவராக முன்னால் வந்து தனக்கு என்ன வேண்டும் என்று நேராகச் சொல்ல வேண்டும். சொன்னால் தேர்ச்சி. முயல் வந்து, "வரிசையில யானைக்குப் பின்னால நிக்க மாட்டேன், எனக்கு வேற இடம் வேணும்" என்றது. கைதட்டினார்கள். கரடி வந்து நின்று, இருமி, "எல்லாரும் நல்லாயிருந்தா சரி" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தது. பிறகு புலி வந்தது.

"உங்களுக்கு என்ன வேணும்ங்க ஐயா? கூச்சப்படாம சொல்லுங்க" என்றது கழுதை.

"எனக்கு நீங்க வேணும்" என்றது புலி. "சாப்பிட."

கழுதை பதறவே இல்லை. குகையில் நடந்த கதையை அது வகுப்பு தவறாமல் சொல்லிவந்தது, அதே மருந்து கையில் இருக்கும்போது எதற்குப் பதற வேண்டும்? எல்லாரையும் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, புலிப் பக்கம் திரும்பி, நன்றாகக் குனிந்து, "அதுக்கென்னங்க ஐயா, தாராளமா சாப்பிடுங்க. உங்களுக்கு இல்லாததா" என்றது. சொல்லிவிட்டு, ஐயய்யோ வேண்டாங்க என்ற பதிலுக்காகக் காதைச் சாய்த்துக்கொண்டு நின்றது.

"சரி" என்றது புலி.

அந்த முகாமிலேயே அவ்வளவு தெளிவான பதில் அதுவரை வந்ததில்லை. கழுதைக்கு அது ஒரு கணம் பெருமையாகக்கூட இருந்தது.

அப்போதுதான் கரடி துள்ளி எழுந்து, வெயிலையும் கல்லையும் மாமாவையும் விட்டுவிட்டு, "தம்பி, ஓடு, புலி உன்னைத் தின்னுடும்" என்று நேராகச் சொன்னது. ஒரு சொல் மிச்சமில்லாமல் சரியாகச் சொன்னது. ஆனால் அதற்குள் கழுதையின் வால் மட்டும்தான் வெளியே இருந்தது.

அன்றைக்குக் கரடியும் புலியும் நல்லபடியாகத் தேறினார்கள். சான்றிதழ்கள் தயாராக இருந்தன. கையெழுத்துப் போட வேண்டிய ஆசிரியர் புலிக்குள் இருந்ததால் நரி முத்திரையை மட்டும் குத்திக் கொடுத்தது.

அடுத்த சனிக்கிழமை காட்டின் வாட்ஸ்அப் குழுவில் புலி வழக்கம்போல அழைப்பு போட்டது. "நாளை விருந்து. வர முடியாதவர்கள் சொல்லவும், நானே வீட்டுக்கு வருகிறேன்." எல்லாரும் கைகூப்புகிற படத்தைப் போட்டார்கள். இந்தத் தடவை நிஜமாகவே கைகூப்பினார்கள்.

நீதி: தெளிவாகப் பேசக் கற்றுக்கொடுப்பது புண்ணியம். ஆனால் சேர்க்கும்போதே, கற்றுக்கொள்ள வருகிறவர் சைவமா என்று நேராகக் கேட்டுவிடவும்.